58 இ/8: பழைய டோபோ தாளை எவ்வளவு நம்பலாம்?

குளத்தை மீட்டுத் தாருங்கள் என்று மனுக் கொடுக்கப் போகிறவர்களின் கையில் இப்போதெல்லாம் ஒரு பழைய வரைபடத்தின் நகல் இருக்கிறது. பெரும்பாலும் அது இந்திய நில அளவைத் துறை அச்சிட்ட டோபோ ஷீட். அதில் ஒரு குளத்தின் வளைவும், வளைவின் ஓரமாக ஒரு கரையும் தெரிகின்றன. இன்று அதே இடத்தில் மனைப்பிரிவோ பனியன் கிடங்கோ நிற்கிறது. இடத்துக்காரர் பட்டாவை நீட்டுகிறார். வி.ஏ.ஓ. அலுவலகத்தில் அ-பதிவேட்டைப் புரட்டுகிறார்கள். மூன்றும் அரசு தயாரித்த ஆவணங்கள்தான், ஆனால் மூன்றும் ஒன்றுபோலப் பேசுவதில்லை.

இவற்றில் டோபோ தாளின் சாட்சியத்தை மட்டும் இங்கே எடைபோட விரும்புகிறேன். நீர்நிலை ஆர்வலர்கள் அதை ஏறக்குறைய வேதமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அதிகாரிகளில் பலர் அது எங்கள் ஆவணமே அல்ல என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டு நிலையும் சரியல்ல என்பது என் முடிவு. ஆனால் பாதி நம்பு, பாதி விடு என்று நடுவில் நிற்பதும் தீர்ப்பாகாது. அந்தத் தாள் எந்தக் கேள்விக்குச் சரியான விடை தரும், எந்தக் கேள்விக்குத் தராது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். அதற்கு நம் ஊரான அவிநாசியிலிருந்து கிழக்கே, சென்னைக் கடற்கரை வரை போய்வர வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் நிலத்தை முறையாக அளந்து வரையும் வேலை வேரூன்றிய இடங்களில் சென்னை முதன்மையானது. 1794ல் மைக்கேல் டாப்பிங் அங்கே ஒரு நில அளவைப் பள்ளியைத் தொடங்கினார். இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர் அதுதான். 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே, 100 அடி எஃகுச் சங்கிலியைக் கொண்டு தன் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அந்தக் கோட்டின் தென்முனை பெரும்பாக்கத்துக் குன்று. நீளம் ஏறக்குறைய ஏழரை மைல். பின்னால் இமயம் வரை நீண்ட முக்கோண அளவைக்கு அதுவே முதல் படி.

லாம்டனுக்குத் தட்டையான தரை தேவைப்பட்டது. பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் நடுவே அது கிடைத்தது. கடலோரத்தில் தட்டையாகக் கிடக்கும் தரை பெரும்பாலும் தாழ்ந்த தரை, மழைநீர் வந்து நின்று மெதுவாக வடியும் தரை. அந்தப் பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பின் தென்விளிம்பில் இருக்கிறது. நாட்டிலேயே மிகக் கவனமாக அளக்கப்பட்ட முதல் நிலத்துக்கு அருகில்தான், இரண்டு நூற்றாண்டு கழித்து, குடிசைகளிலிருந்து அகற்றப்பட்ட மக்களை அரசு அடுக்குமாடிகளில் கொண்டுபோய் வைத்தது. 2015 டிசம்பரில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையின் சுற்றுப்புறங்களும் தண்ணீரில் மூழ்கின. அங்கே நீர் தேங்கும் என்று யாருக்கும் தெரியாமல் இருந்ததில்லை. சதுப்புக்கென்று டோபோ தாளில் தனிக் குறியீடே உண்டு.

சென்னையின் வரைபட வரலாறு நமக்குச் சொல்லும் முதல் செய்தி இது. வரைபடம் இல்லாததால் அழிந்த நீர்நிலைகளைவிட, வரைபடம் இருந்தும் அழிந்தவை அங்கே அதிகம். நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம், சைதாப்பேட்டைப் பக்கம் வரை அரைநிலவாக நீண்டு கிடந்த ஏரியை நகரத்தின் பழைய வரைபடங்கள் எல்லாம் காட்டுகின்றன. 1920ல் சென்னை மாகாண நகரமைப்புச் சட்டம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே மாம்பலம் பக்கத்து ஏரி தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் உருவாகத் தொடங்கியது. ஏரியின் நீளமும் அகலமும் தெரிந்தவர்களே மேசையில் வரைபடத்தை விரித்து அதன்மேல் தெருக்களை வரைந்தார்கள். நுங்கம்பாக்கம் ஏரியின் மிச்சத்தில் 1976ல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. ஏரி இருந்ததற்கு அடையாளமாக இன்று ஒரு குடியிருப்புப் பகுதியின் பெயர் மட்டும் இருக்கிறது.

ஆகவே பழைய வரைபடத்தைக் கண்டெடுத்துவிட்டால் குளத்தைக் காப்பாற்றிவிடலாம் என்ற நம்பிக்கையை நான் ஏற்கவில்லை. அளப்பதும் அழிப்பதும் ஒரே அரசின் இரு கைகளாக இருந்திருக்கின்றன. வரைபடம் ஒரு கருவி. அதை யார், எந்தக் கேள்வியோடு பிரிக்கிறார்கள் என்பதில்தான் அதன் பயன் இருக்கிறது.

எண்ணூர் இதைவிடக் கடுமையான பாடம். 1991 பிப்ரவரியில் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. அதன்படி தயாரான தமிழகக் கடலோரத் திட்ட வரைபடங்களுக்கு 1996ல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. அவற்றில் எண்ணூர்க் கழிமுகம் கட்டுமானம் கூடாத பரப்பாகக் காட்டப்பட்டிருந்தது. பின்னால் புழக்கத்துக்கு வந்த ஒரு வரைபடத்தில் அந்தக் கழிமுகத்தில் ஆறாயிரம் ஏக்கருக்கும் மேல் காணாமல் போயிருக்கிறது என்று, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே பெற்ற ஆவணங்களை வைத்து 2017ல் செயற்பாட்டாளர்கள் வெளிப்படுத்தினார்கள். மீனவர்கள் தினமும் வலை வீசும் நீர்ப்பரப்பு ஒரு தாளில் இருக்கிறது, இன்னொரு தாளில் இல்லை. கடலோரத் திட்ட வரைபடம் வேறு, டோபோ தாள் வேறு என்பது உண்மைதான். ஆனால் எண்ணூரிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டுக்கும் பொருந்தும்: ஒரே ஒரு வரைபடம் எதையும் நிரூபிக்காது. முந்தைய பதிப்பையும் பிந்தைய பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போதுதான் உண்மை வெளிவருகிறது.

பதிப்புகளைப் பக்கத்தில் வைப்பதற்கு அவை கையில் கிடைக்க வேண்டுமே. பாதுகாப்புக் காரணம் சொல்லி, கடலோரத் தாள்களும் எல்லைப்புறத் தாள்களும் நெடுங்காலம் பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டன. அதனால் தமிழ்நாட்டுக் கடற்கரையை ஆராய்கிறவர், 1950களில் அமெரிக்க ராணுவத்தின் வரைபடப் பிரிவு இந்தியத் தாள்களை வைத்து அச்சிட்ட 1:2,50,000 வரைபடங்களை டெக்சஸ் பல்கலைக்கழக நூலகத்தின் இணையதளத்தில் தேட வேண்டியிருந்தது. 2005ல் வந்த தேசிய வரைபடக் கொள்கை பாதுகாப்புத் தொடர், பொதுத் தொடர் என்று இரண்டாகப் பிரித்தது. 2017 முதல் பொதுத் தொடர்த் தாள்களை இணையத்தில் இறக்கிக்கொள்ள முடிகிறது. 2021 பிப்ரவரியில் கட்டுப்பாடுகள் இன்னும் தளர்ந்தன. இவை நல்ல மாற்றங்கள். ஆனால் அங்கே கிடைப்பது இன்றைய தாள். குளத்து வழக்குக்கு வேண்டியது நேற்றைய தாள்.

இனி நம் தாளுக்கு வருவோம்.

இந்திய நில அளவைத் துறை நாட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறது. 1:50,000 அளவில் ஒவ்வொரு தாளும் அட்சரேகையில் 15 நிமிடம், தீர்க்கரேகையில் 15 நிமிடம். அந்தக் கணக்கில் அவிநாசியும் திருப்பூரும் ஒரே தாளில் விழுகின்றன: 58 இ/8. தாளின் மேற்கு எல்லை கிழக்குத் தீர்க்கரேகை 77 பாகை 15 நிமிடம். அவிநாசி அதைத் தாண்டி ஏறக்குறைய 2 கிலோமீட்டரில் இருக்கிறது. தாளில் பார்த்தால் இடது ஓரத்திலிருந்து 4 சென்டிமீட்டர்.

இது அற்பமான விவரம் போலத் தோன்றும். ஆனால் நம் ஊர்ப் பள்ளங்கள் பெரும்பாலும் மேற்கிலும் வடமேற்கிலும் இருந்துதான் வருகின்றன. நல்லாறு அன்னூர்ப் பக்கத்திலிருந்து இறங்கி, அவிநாசியைத் தொட்டு, திருமுருகன்பூண்டிக் கோயில் ஓரமாகப் போய், நஞ்சராயன் குளத்துக்கு நீர் கொடுத்து, நொய்யலை நோக்கிப் போகிறது. அன்னூர் இருப்பது 58 இ/4ல். அவிநாசிக்காரர் தன் ஊர்த் தாளை மட்டும் வாங்கிப் பார்த்தால் நல்லாறு வெறும் வெள்ளை ஓரத்திலிருந்து பிறந்து வருவதுபோல் இருக்கும். சென்னைக்கும் இதே குறை உண்டு. 66 சி/4, 66 சி/8, 66 டி/1, 66 டி/5 என்ற நான்கு தாள்கள் அடையாறுப் பகுதியில் சந்திக்கின்றன. மாம்பலம் ஒன்றில், மெரினா ஒன்றில், பள்ளிக்கரணை ஒன்றில். நான்கையும் ஒட்டாமல் அந்த நகரத்தின் வடிகாலைப் பற்றி யாரும் ஒரு சொல்லும் உறுதியாகச் சொல்ல முடியாது. நான் பார்த்த மனுக்களில் பலவற்றோடு இணைக்கப்பட்டிருப்பது ஒற்றைத் தாளின் ஒரு மூலை மட்டுமே. அதில் தாள் எண்ணும் இருக்காது, அளந்த ஆண்டும் இருக்காது.

அளந்த ஆண்டு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். தாளின் ஓரத்தில் அச்சான ஆண்டு, பதிப்பு எண், களத்தில் அளந்த ஆண்டு ஆகியவை தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். அச்சான ஆண்டை எடுத்துக்கொண்டு அந்த ஆண்டில் இங்கே குளம் இருந்தது என்று வாதாடினால், அடுத்த நிமிடமே எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த வாதத்தை உடைத்துவிடுவார். அச்சுக்கும் அளவைக்கும் நடுவே பல ஆண்டுகள் இருக்கலாம்.

அடுத்தது அளவுத்திட்டம். 1:50,000 என்றால் தாளில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 50 மீட்டர். ஒரு ஏக்கர் சதுரமான குட்டைக்குப் பக்கம் ஏறக்குறைய 64 மீட்டர், அதாவது தாளில் ஒன்றேகால் மில்லிமீட்டர். ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற பழைய தாளில் அது ஒரே மில்லிமீட்டர். அரை ஏக்கர், கால் ஏக்கர்க் குட்டைகள் அந்தத் தாளில் வந்திருந்தால் அது அளவையாளரின் தயவு. கொங்கு நாட்டில் ஆடுமாடு தண்ணீர் குடித்ததும், மேட்டாங்காட்டுக் கிணறுகள் ஊறியதும் பெரும்பாலும் அப்படிப்பட்ட சிறு குட்டைகளால்தான். ஆகவே டோபோ தாளில் இல்லை, எனவே அங்கே குட்டையே இருந்ததில்லை என்று யாராவது சொன்னால் அந்த வாதத்தை உடனே தள்ளிவிட வேண்டும். தாளில் இருப்பது ஒரு சான்று. தாளில் இல்லாதது எதற்கும் சான்றல்ல.

பெரிய ஓடைகளுக்கும் இதே கணக்கு வேறு விதத்தில் பொருந்தும். தாளில் கால் மில்லிமீட்டர்க் கோடு தரையில் பன்னிரண்டு மீட்டருக்கும் மேல். உண்மையான பள்ளம் நாலு மீட்டர் அகலமாக இருக்கலாம், இருபது மீட்டராகவும் இருக்கலாம், கோடு ஒன்றேதான். அந்தக் கோட்டைக் கணினியில் செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்தி, இந்தக் கட்டடத்தின் தென்சுவர் ஓடைக்குள் மூன்று மீட்டர் இருக்கிறது என்று சொல்கிறவர்களைப் பார்க்கிறேன். அவர்களுடைய நோக்கம் நல்லது, வாதம் தவறு. பொருத்துவதிலேயே இன்னொரு சிக்கல் உண்டு. பழைய தாள்கள் எவரெஸ்ட் கோளவடிவக் கணக்கில் வரையப்பட்டவை. இன்றைய செல்போனும் செயற்கைக்கோளும் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற வேறு கணக்கில் இயங்குகின்றன. மாற்றிக் கணக்கிடாமல் ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் நம் பகுதியில் நூறு மீட்டருக்கும் மேல் விலகும். குளம் பக்கத்துத் தோட்டத்துக்குள் போய்விடும். இந்தப் பிழையோடு ஒருமுறை மனுக் கொடுத்துவிட்டால் அடுத்த மனுவையும் யாரும் மதிக்க மாட்டார்கள்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டோபோ தாளில் நீலம் என்பது நீர் தேங்கி நிற்பதை, ஆண்டு முழுதும் ஓடுவதைக் குறிக்கும் நிறம். வறண்டுபோகும் ஓடை கருப்புக் கோடு. வறண்டுபோகும் குளத்துக்கு வெறும் எல்லைக்கோடுதான், உள்ளே நீலம் இருக்காது. நம்முடையது மழைமறைவு நாடு. இங்கே பெரும்பாலான குளங்கள் ஆண்டில் பல மாதம் தரை காட்டும். அப்படிக் காய்ந்த குளத்தை அளவையாளர் நிறமில்லாமல் வரைந்திருப்பார். அதைக் காட்டி, பாருங்கள், அந்தக் காலத்திலேயே இது குளமாக இல்லை என்று வாதாடுவது அநியாயம். நிறத்தைப் பார்க்காமல் கரையைப் பார்க்க வேண்டும். கரையின் பக்கத்தில் 3, 4 என்று ஓர் எண்ணும் ஓர் ஆங்கிலச் சிற்றெழுத்தும் இருந்தால், கரை சுற்றுத் தரையிலிருந்து அத்தனை மீட்டர் உயரம் என்று பொருள். மனிதர்கள் மண் சுமந்து போட்ட கரை அது. மூன்று மீட்டர் உயரக் கரையை யாரும் பொழுதுபோக்காகக் கட்டுவதில்லை. டோபோ தாளில் நான் மிகவும் மதிக்கும் சாட்சியம் அந்தச் சின்ன எண்.

நீலம் பொய் சொல்லும் இடமும் உண்டு. நொய்யலின் குறுக்கே 1992ல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை, அதற்கு முன் அளந்த தாள்களில் இருக்க வழியில்லை. பின்னால் வந்தவற்றில் நீலமாக இருக்கும். அந்த நீலத்துக்குள் திருப்பூரின் சாயக்கழிவு தேங்கி, பாசனத்துக்கென்று கட்டிய அணையே உழவர்களுக்குப் பகையானதை எந்த டோபோ தாளும் காட்டாது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் நிலை வரைக்கும் போனது அந்தத் துயரம். நீர் எங்கே இருக்கிறது என்று தாள் சொல்லும். அது எப்படிப்பட்ட நீர் என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

இதுவரை குறைகளாகவே அடுக்கியிருக்கிறேன். அப்படியானால் வருவாய்த் துறையின் புலப்படத்தை, அதாவது எஃப்.எம்.பி.யை மட்டும் வைத்துக்கொண்டால் போதாதா? அது 1:1,000, 1:2,000 அளவில் இருக்கிறது, எல்லைக் கற்களைக் காட்டுகிறது, சர்வே எண் தருகிறது, சட்டத்தில் நிற்கிறது. போதாது. காரணத்தை விளக்கக் கௌசிகா நதியைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

கௌசிகா குருடிமலைப் பக்கம் பிறந்து, இடிகரை, கோவில்பாளையம், வாகராயம்பாளையம் வழியாகக் கிழக்கே வந்து, வஞ்சிபாளையம் அருகே நொய்யலில் சேர்கிறது. அது ஒரு நதி என்பதையே இப்பகுதியில் பலர் மறந்திருந்தார்கள். அந்தந்த ஊரில் அது வெறும் பள்ளம். மறதிக்குக் காய்ந்த மணல் பாதிக் காரணம். மீதிக் காரணம் ஆவணங்களின் அமைப்பு. கிராம வரைபடம் கிராம எல்லையில் முடிந்துவிடும். ஓர் ஊரில் ஓடைப் புறம்போக்கு, அடுத்த ஊரில் வேறொரு சர்வே எண்ணில் வாய்க்கால் புறம்போக்கு, அதற்கடுத்த ஊரில் வண்டிப்பாதையோடு சேர்ந்த ஒரு துண்டு. துண்டு துண்டாகப் பார்க்கிறவருக்கு எந்தத் துண்டும் நதியாகத் தெரியாது. ஒரு துண்டை யாராவது மூடினால் அது அந்த ஊர்ப் பிரச்சினை மட்டும்.

அதே பள்ளத்தை 58 ஏ/16, 58 இ/4, 58 இ/8 என்று தாள்களை ஒட்டிப் பாருங்கள். மலையடிவாரத்திலிருந்து நொய்யல் வரை ஒரே கோடு. எந்தக் குளத்தின் உபரிநீர் எந்தக் குளத்துக்குப் போகிறது, எங்கே ரயில் பாதை குறுக்கே வருகிறது, எங்கே சாலை குறுக்கிடுகிறது என்று தொடர்ச்சி முழுதும் கண்முன் வருகிறது. இந்தத் தொடர்ச்சியை அ-பதிவேடு தராது, புலப்படம் தராது, பட்டா தரவே தராது. 1979ல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், நம்மவர்கள் யு.டி.ஆர். என்று சொல்லும் அந்த வேலையில், பெயர்களும் வகைப்பாடுகளும் தவறாக ஏறிய கதைகள் தாலுகா தோறும் உண்டு. அதற்கு முன் அளந்த டோபோ தாள், அந்தத் தவறுகள் தொடாத சாட்சி. வேறொரு துறை, வேறொரு நோக்கத்துக்காக, யாருடைய பட்டாவைப் பற்றியும் கவலைப்படாமல் வரைந்தது என்பதே அதன் பலம்.

செயற்கைக்கோள் படம் இருக்கும்போது இந்தப் பழந்தாள் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. செயற்கைக்கோள் காட்டுவது பெரும்பாலும் கரை உடைந்ததற்குப் பிந்தைய காலத்தை. 1960 முதல் 1972 வரை அமெரிக்க உளவுக் கோள்கள் எடுத்து, 1995ல் ரகசியம் நீக்கப்பட்ட கொரோனா படங்கள் ஒரு விதிவிலக்கு. அவற்றை டோபோ தாளோடு சேர்த்துப் பார்ப்பது மிகவும் பயனுள்ளது. ஆனால் படத்தில் பெயர் இருக்காது. ஒரு கருந்திட்டு குளமா, நனைந்த வயலா, குவாரியா என்பதைப் படம் சொல்லாது. களத்தில் நடந்துபோய் ஊராரைக் கேட்டுக் குறித்த அளவையாளர் சொல்லுவார்.

இந்தத் தொடர்ச்சிக்கு இப்போது ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், நம் வட்டாரத்தில் ஒரு பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. 2024 ஆகஸ்டு 14 அன்று நஞ்சராயன் குளம் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்ததாக அறிவிப்பு வந்தது. மூன்று நாள் கழித்து, ஆகஸ்டு 17 அன்று, அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. தலைமுறைகள் கேட்டுக் காத்திருந்த திட்டம். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரிநீர் 1.5 டி.எம்.சி.யைக் குழாயில் ஏற்றி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுவருகிறார்கள். செலவு ரூ.1,916 கோடிக்கும் மேல். விடுபட்ட குளங்களையும் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை தொடர்ந்து எழுகிறது.

திட்டத்தை முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் அதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. குழாயில் தண்ணீர் வரும் குளத்துக்குப் பள்ளம் தேவையில்லை என்ற எண்ணம் வந்துவிடும். குளத்தின் எல்லையைக் காப்போம், வேலி போடுவோம், நடைபாதை அமைப்போம் என்று கிளம்புகிறவர்கள், மேற்கிலிருந்து மழைநீரைக் கொண்டுவந்த ஓடையை மறந்துவிடுவார்கள். பவானியில் உபரி இல்லாத ஆண்டில் குழாய் வறண்டு கிடக்கும். அந்த ஆண்டு அன்னூர்ப் பக்கம் ஒரு நல்ல மழை பெய்தால் அந்த நீர் வருவதற்கு வழி இருக்க வேண்டும். நஞ்சராயன் குளத்துக்கும் இதுதான் நிலை. 125 எக்டேருக்குச் சற்று மேற்பட்ட அந்தப் பரப்புக்குப் பன்னாட்டுப் பாதுகாப்பு கிடைத்திருக்கிறது, ஆனால் அதற்கு நீர் கொடுக்கும் நல்லாறு அந்த எல்லைக்கு வெளியே, அவிநாசிப் பக்கம் இருக்கிறது. பள்ளிக்கரணையில் 2007ல் 317 எக்டேர் காப்புக்காடானது, 2022ல் ராம்சர் பட்டியலும் வந்தது. ஆனாலும் சுற்றியுள்ள ஏரிகளிலிருந்து சதுப்புக்கு நீர் வந்த வழிகளைச் சாலைகளும் கட்டடங்களும் வெட்டிவிட்டதால், வெள்ளமும் வறட்சியும் மாறி மாறி அடிக்கின்றன. கடலோர நகரம் ஒரு நூற்றாண்டு செலவழித்துக் கற்ற பாடத்தை நாம் தாளைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம்.

நீதிமன்றங்கள் குளங்களின் பக்கம் நிற்கத் தொடங்கி நாளாயிற்று. உச்ச நீதிமன்றம் 2001ல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கிலும் 2011ல் ஜக்பால் சிங் வழக்கிலும் பொது நீர்நிலைகளையும் ஊர்ப் பொதுநிலங்களையும் மீட்கச் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றம் 2005ல் எல்.கிருஷ்ணன் வழக்கில் நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொன்னதைத் தொடர்ந்து, 2007ல் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வந்தது. அந்தச் சட்டமே ஏரியை அளந்து படமும் பதிவேடும் தயாரிக்கச் சொல்கிறது. சட்டத்தில் குறை அதிகமில்லை. குளத்தைத் தனித்தனிப் பொருளாகப் பார்க்கும் பார்வையில்தான் குறை.

ஆகவே என் தீர்ப்பு இது. நீர் எந்த வழியாக வந்தது, எந்தக் குளம் எந்தக் குளத்தோடு பிணைந்திருந்தது, எங்கே கரை இருந்தது என்ற கேள்விகளுக்குப் பழைய டோபோ தாள்தான் முதல் சாட்சி. அதை மறுக்க நினைப்பவர்தான் மாற்றுச் சான்று காட்ட வேண்டும். குளத்தின் எல்லை எந்தக் கல்லில் முடிகிறது, எத்தனை சென்ட் ஆக்கிரமிப்பு, யாருடைய சுவரை இடிக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு அது தகுதியான சாட்சியல்ல. அங்கே புலப்படமும் யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேடும் பேசட்டும். முந்தைய வகைக் கேள்வியைப் பதிவேட்டிடம் கேட்பதும், பிந்தைய வகைக் கேள்வியை டோபோ தாளிடம் கேட்பதுமே இன்று நடக்கும் தவறு. ஆர்வலர்களும் அதிகாரிகளும் அதில் சமமாகப் பங்கு வைத்திருக்கிறார்கள். எந்தக் குட்டையும் தாளில் இல்லை என்ற காரணத்தால் மட்டும் தன் உரிமையை இழக்கக் கூடாது.

அமெரிக்க நிலவியல் அளவைத் துறை 1884 முதல் 2006 வரை அச்சிட்ட தன் பழைய டோபோ தாள்களை, ஒன்றரை லட்சத்துக்கும் மேல், இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஸ்காட்லாந்து தேசிய நூலகமும் தன் நாட்டுப் பழைய தாள்களை அப்படியே வைத்திருக்கிறது. இந்திய நில அளவைத் துறை தன் பழைய பதிப்புகளை எல்லாம், கடலோரத் தாள்கள் உட்பட, அளந்த ஆண்டோடும் சரியான ஆயத்தொலைவுகளோடும் அப்படி வெளியிட வேண்டும். அத்திக்கடவுத் திட்டத்தின் 1,045 நீர்நிலைகளுக்கும், ஒவ்வொன்றுக்கும் மழைநீர் வரும் பள்ளத்தையும் உபரி போகும் பள்ளத்தையும் அந்தத் தாள்களிலிருந்து எடுத்து, ஊர் ஊராகப் புலப்படத்தோடு பொருத்தி, நீர்வளத் துறை ஒரே பதிவேடாக வெளியிட வேண்டும். குழாய் போட்டவர்களுக்கு இது பெரிய வேலையல்ல.

அதுவரை, மனுக் கொடுக்கப் போகும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாளின் மூலையை வெட்டி ஒட்டாதீர்கள். ஓரத்தில் அச்சான எண்ணும், அளந்த ஆண்டும், குறியீட்டு விளக்கமும் தெரியும்படி முழுத் தாளையும், அவிநாசிக்காரர்களானால் 58 இ/4ஐயும் சேர்த்து, இணையுங்கள்.